நோய் யாருடைய ரகசியம்?

பி.காம். படிக்கிறவர்களுக்கு வங்கிச் சட்டம் என்று ஒரு பேப்பர் உண்டு. மதிய வகுப்பில் வைத்தால் பாதிப் பேர் தூங்கிவிடுகிற பேப்பர். ஆனால் அதில் ஒரு வழக்கு மட்டும் கதை மாதிரி இருக்கும். டூர்னியர் வழக்கு. இங்கிலாந்து, 1924.

டூர்னியர் என்பவர் ஒரு வங்கியில் கொஞ்சம் பாக்கி வைத்திருந்தார். பத்து பவுண்டு கூட இல்லை. தவணையாகக் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பாதியில் நிறுத்திவிட்டார். அவர் எங்கே குடியிருக்கிறார் என்று கேட்க, அவர் வேலை பார்த்த கம்பெனிக்கு வங்கி மேனேஜர் போன் போட்டார். முகவரியை மட்டும் கேட்டுவிட்டு வைத்திருக்கலாம். பேச்சோடு பேச்சாக, ஆளுக்குச் சூதாட்டப் பழக்கம் இருக்கும் போலிருக்கிறது, பந்தயம் கட்டுகிற புக்கிக்குப் பணம் போகிறது என்றும் சொல்லிவிட்டார். விளைவு? டூர்னியரின் வேலை நீடிக்கவில்லை. அவர் வழக்குப் போட்டார். வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை வெளியே சொல்லாமல் இருப்பது வங்கியின் சட்டக் கடமை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதற்கு நான்கே நான்கு விதிவிலக்குகள். சட்டம் கட்டாயப்படுத்துவது, பொதுமக்களுக்கான கடமை, வங்கியின் சொந்த நலன், வாடிக்கையாளரின் சம்மதம். பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வியாக வரும். எழுதிவிட்டு மறந்துவிடலாம்.

மறக்க முடியாமல் செய்தது 2020. அந்த வருடம் மார்ச் மாதக் கடைசியில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் வீட்டு வாசல்களில் சென்னை மாநகராட்சி ஸ்டிக்கர் ஒட்டியது. இந்த வீடு தனிமைப்படுத்தப்பட்டிருக்கிறது, உள்ளே வராதீர்கள் என்ற பொருளில் வாசகம். ஆழ்வார்பேட்டையில் கமல்ஹாசனின் கட்சி அலுவலகமாக இருந்த கட்டடத்திலும் ஒன்று ஒட்டப்பட்டது. முகவரிக் குழப்பம்! சில மணி நேரத்தில் அது அகற்றப்பட்டது. அதற்குள் செய்தி தமிழ்நாடு முழுக்கப் பரவி, தான் அந்த வீட்டில் சில வருடங்களாகக் குடியிருக்கவே இல்லை என்று அவர் அறிக்கை விட வேண்டியதாயிற்று.

பெரிய நடிகர், ஒரு அறிக்கை விட்டதும் ஊருக்கே தெரிந்துவிட்டது. முட்டுச்சந்தில் இருக்கிற ஒரு வாடகை வீட்டில் இதே தவறு நடந்திருந்தால்? கணக்குப் புத்தகத்தில் தப்பான என்ட்ரி விழுந்தால் திருத்தப் பதிவு போட்டுச் சரிசெய்யலாம். தெருக்காரர்களின் மனதில் விழுந்த என்ட்ரிக்கு எந்த ஜர்னலில் திருத்தம் போடுவது?

அதே மார்ச்சில் கர்நாடக அரசு வீட்டுத் தனிமையில் இருந்தவர்களின் முகவரிப் பட்டியலையே வெளியிட்டது. பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றியது. வாசலில் போஸ்டர் ஒட்டும் பழக்கம் நாடு முழுக்கப் பரவி, கடைசியில் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. போஸ்டர் ஒட்டப்பட்ட வீட்டுக்காரர்கள் தீண்டத்தகாதவர்கள் போல நடத்தப்படுகிறார்கள் என்று நீதிபதிகளே விசாரணையில் சொன்னார்கள். போஸ்டர் ஒட்டச் சொல்லி தன் வழிகாட்டு நெறிகளில் எங்கும் இல்லை என்றது மத்திய அரசு. பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி உத்தரவு போட்டாலொழிய மாநிலங்கள் போஸ்டர் ஒட்டக்கூடாது என்று 2020 டிசம்பர் 9 அன்று தீர்ப்பு வந்தது. மார்ச்சில் தொடங்கிய கதைக்கு டிசம்பரில் தீர்ப்பு.

சரி, அப்படியானால் நோய் விவரத்தை டாக்டர் யாரிடமும் சொல்லவே கூடாதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. டூர்னியர் வழக்கின் முதல் இரண்டு விதிவிலக்கும் மருத்துவத்திலும் உண்டு. சட்டம் கேட்டால் சொல்ல வேண்டும், பொதுநலன் கேட்டால் சொல்ல வேண்டும். சென்னை மாகாணத்தில் 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. இன்றைக்கும் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் இருப்பது அதுதான். காலரா மாதிரி சில நோய்களைக் குறிப்பிட்டு, அவற்றைக் கண்டால் மருத்துவர் சுகாதார அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது அது. இதில் தப்பே இல்லை. ஒரே தெருவில் நான்கு வீட்டில் வயிற்றுப்போக்கு என்றால் நான்கு டாக்டர்களுக்கும் தலா ஒரு நோயாளிதான் தெரியும். நான்கையும் கூட்டிப் பார்க்கிற ஒரு மேசை இருந்தால்தான் குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலக்கிறது என்பது பிடிபடும்.

ஆக, தகவல் இரண்டு திசையில் போகலாம். டாக்டரிடமிருந்து சுகாதார அதிகாரிக்கு, அங்கிருந்து மாவட்டத்துக்கு என்று மேலே போவது ஒன்று. டாக்டரிடமிருந்து, அல்லது அந்த அதிகாரியிடமிருந்து, பக்கத்து வீட்டுக்கும் கம்பெனி முதலாளிக்கும் சம்பந்தி வீட்டுக்கும் பக்கவாட்டில் போவது இன்னொன்று. ரகசியமா பொதுநலமா என்று பட்டிமன்றம் வைக்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே தட்டில் போட்டுவிடுகிறார்கள். மேலே போகிற தகவலால்தான் நோய் கட்டுக்குள் வருகிறது. பக்கவாட்டில் போகிற தகவல், மேலே போக வேண்டியதையும் நிறுத்திவிடுகிறது. எப்படி என்பதற்கு இந்தியாவிலேயே பழைய உதாரணம் உண்டு.

1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. 1897-ல் ஆங்கிலேய அரசு அவசர அவசரமாகத் தொற்றுநோய்ச் சட்டம் கொண்டு வந்தது. (2020-ல் ஊரடங்கு நேரத்தில் தூசி தட்டி எடுக்கப்பட்டதும் அதே சட்டம்தான்!) புனேயில் பிளேக் கமிட்டித் தலைவராக இருந்தவர் ராண்ட் என்ற அதிகாரி. வீடு வீடாகச் சோதனை போடச் சிப்பாய்களை அனுப்பினார். சிப்பாய்கள் அடுப்படி, பூஜை அறை என்று பார்க்காமல் நுழைந்தார்கள். நோயாளி என்று சந்தேகப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜனங்கள் என்ன செய்தார்கள்? காய்ச்சல்காரர்களை ஒளித்து வைத்தார்கள். 1897 ஜூன் 22 அன்று இரவு சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகம் இதைச் சுதந்திரப் போராட்டக் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடும். சுகாதாரக் கணக்கிலும் அதை எழுதலாம். நோயாளியைத் தேடுகிற விதமே நோயாளியை ஓடவைத்தது.

பிளேக் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு எச்.ஐ.வி. கதை இருக்கிறது. அது சென்னையில்தான் தொடங்குகிறது. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. நாடு பதறியது. பதறியபோது கைக்குக் கிடைத்தது பழைய பிளேக் காலத்துச் சிந்தனைதான்: கண்டுபிடி, பிரித்து வை.

கோவா ஒரு படி மேலே போய்ப் பொது சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, எச்.ஐ.வி. உள்ளவர்களைத் தனிமைப்படுத்தி அடைத்து வைக்க வழி செய்தது. அதில் மாட்டியவர் டொமினிக் டிசோசா. வழக்கமாக ரத்ததானம் செய்கிறவர். நல்ல காரியம் செய்யப் போய்க் கொடுத்த ரத்தம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. 1989 பிப்ரவரி 14 அன்று போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். எதற்கு என்று அவருக்குச் சொல்லவில்லை. பிறகு பழைய காசநோய் மருத்துவமனை ஒன்றில் காவலோடு அடைத்தார்கள். 64 நாட்கள். ரத்ததானம் செய்தவருக்குப் போலீஸ் காவல்!

கவனியுங்கள், எச்.ஐ.வி. பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. இருமினால் பரவாது. அப்படிப்பட்ட நோய்க்கு அறையில் பூட்டி வைப்பதால் யாருக்கு என்ன பாதுகாப்பு? அவருடைய அம்மா லூசி டிசோசா பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மகன் வெளியே வந்தார். ஆனால் அந்த வருட டிசம்பரில் வந்த தீர்ப்பு, தனிமைப்படுத்தும் சட்டப்பிரிவு செல்லும் என்றே சொன்னது. தனிமனித உரிமையும் சமூக நலனும் மோதினால் சமூக நலனுக்குத்தான் முன்னுரிமை என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடைத்து வைத்ததால் சமூகத்துக்கு எந்த நலனும் கிடைக்கவில்லையே? நன்மை என்ற பக்கம் காலியாக இருக்கிற பேரேட்டில் எதை எதோடு தட்டிக் கழிப்பது? ஊருக்குப் போய்ச் சேர்ந்த செய்தி ஒன்றுதான், பரிசோதனைக்குப் போனால் போலீஸ் வரும் என்பது. டொமினிக் 1992-ல் இறந்தார். 2005-ல் வந்த 'மை பிரதர் நிகில்' என்ற இந்திப் படம் அவர் வாழ்க்கையைத் தழுவியது.

அடுத்த வழக்கு இன்னும் சிக்கலானது. அதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சட்டக் கல்லூரிப் பசங்களுக்கு 'எக்ஸ் எதிர் மருத்துவமனை இசட்' என்றால் தெரியும். நாகாலாந்தைச் சேர்ந்த ஒரு டாக்டர். 1995-ல் உடல்நலமில்லாத ஒருவருக்குத் துணையாகச் சென்னை வந்தார். அறுவை சிகிச்சைக்கு ரத்தம் வேண்டியிருந்ததால் இவரும் ரத்தம் கொடுத்தார். அதைப் பரிசோதித்தபோது எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அந்த டிசம்பரில் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணம் நின்றது. மருத்துவமனையிலிருந்துதான் தகவல் கசிந்தது என்பது அவர் புகார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்து, ஒதுக்கிவைக்கப்பட்டு, கோஹிமாவை விட்டே கிளம்பி வந்துவிட்டார். வந்து குடியேறியது எங்கே தெரியுமா? சென்னையில். எந்த ஊரிலிருந்து ரகசியம் புறப்பட்டதோ அந்த ஊருக்கே.

1998 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தரங்க உரிமை உண்டு, ஆனால் அது முழுமையான உரிமை அல்ல. அவரைக் கட்டிக்கொள்ள இருந்த பெண்ணுக்கும் ஆரோக்கியமாக வாழும் உரிமை உண்டு. அவளுக்கு உண்மை தெரிந்ததால்தான் தப்பித்தாள். எனவே மருத்துவமனை மேல் குற்றமில்லை. இதோடு நிற்காமல், இப்படிப்பட்டவர்களின் கல்யாணம் செய்துகொள்ளும் உரிமையே நிறுத்திவைக்கப்பட்ட உரிமை என்றும் சொல்லிவிட்டது. 2002-ல் உச்ச நீதிமன்றமே அந்தக் கல்யாணப் பேச்சு இந்த வழக்குக்குத் தேவையில்லாதது என்று விலக்கிக்கொண்டது.

அந்தப் பெண்ணின் இடத்தில் உங்கள் அக்காவையோ தங்கையையோ வைத்துப் பாருங்கள். சொல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று யாரால் சொல்ல முடியும்? முடியாது. அவளுக்குத் தெரிந்தது சரிதான். ஆனால் தீர்ப்பைப் படிக்கும்போது ஒரு இடம் உறுத்துகிறது. அவளுக்கு மட்டுமா தெரிந்தது? கோஹிமாவில் பக்கத்து வீட்டுக்காரருக்கும், கூட வேலை பார்த்தவருக்கும் தெரிய வேண்டிய அவசியம் என்ன? அவர்கள் யாரும் அவரைக் கட்டிக்கொள்ளப் போவதில்லையே. ஒருத்திக்குச் சொல்ல வேண்டிய நியாயத்தை வைத்து ஊருக்கே தெரிந்ததை மன்னித்துவிட்டது தீர்ப்பு. டூர்னியர் வழக்கில் மேனேஜர் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். முகவரி கேட்க ஒரு காரணம் இருந்தது. புக்கி விஷயத்தைச் சொல்லக் காரணமே இல்லை.

இன்னொன்று. அந்தத் தீர்ப்பில் நோயாளி பெயர் எக்ஸ், மருத்துவமனை பெயர் இசட். வாழ்க்கையில் கிடைக்காத மறைவு, கடைசியில் வழக்குக் காகிதத்தில் கிடைத்தது.

சட்டம் இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளப் பல வருடம் ஆனது. 2017-ல் நாடாளுமன்றம் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் கொண்டு வந்தது. 2018 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்தது. (அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னதும் 2017-ல்தான், ஆகஸ்ட் 24 அன்று.) இந்தச் சட்டப்படி சம்மதமில்லாமல் ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியிடக் கூடாது. ஆனால் கணவன், மனைவி, துணைக்கு மட்டும் டாக்டரோ ஆலோசகரோ சொல்லலாம். அதற்கும் படிகள் உண்டு. அந்தத் துணைக்கு நிஜமான ஆபத்து இருக்க வேண்டும். நீங்களே சொல்லிவிடுங்கள் என்று நோயாளிக்கு முதலில் ஆலோசனை தர வேண்டும். அவர் சொல்ல மாட்டார் என்று உறுதியாக வேண்டும். நான் சொல்லப் போகிறேன் என்று அவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பிறகு துணையை நேரில் சந்தித்து, ஆலோசனையோடு சொல்ல வேண்டும். சொன்னால் தனக்கு அடி உதை விழும் என்று பயப்படுகிற பெண்ணாக இருந்தால், அவளிடம் இந்தக் கட்டாயம் இல்லை. படித்துப் பார்த்தால் யாரோ நிஜமாகவே அழுத நோயாளிகளோடு உட்கார்ந்து எழுதிய பிரிவு போலத் தெரிகிறது. 1995-ல் இது இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கும், அந்த டாக்டரும் கோஹிமாவிலேயே இருந்திருக்கலாம்.

இதெல்லாம் இந்தியாவின் ஒழுங்கின்மை, வெளிநாடு என்றால் ஒழுங்காக இருந்திருக்கும் என்று நினைத்தால், தென்கொரியாவைப் பார்க்க வேண்டும். அந்த நாடு இரண்டு பக்கத் தவறையும் ஐந்து வருட இடைவெளியில் செய்து பார்த்துவிட்டது.

2015 மே மாதம் அங்கே மெர்ஸ் காய்ச்சல் நுழைந்தது. எந்தெந்த மருத்துவமனைகளில் நோய் பரவுகிறது என்பதை அரசு வெளியே சொல்லவில்லை. ஜனங்கள் பதறிவிடுவார்கள், மருத்துவமனைகளுக்கு நஷ்டம் என்று யோசித்தது. ஜூன் 7 அன்றுதான் பெயர்களை வெளியிட்டது. அதற்குள் தெரியாமல் அதே மருத்துவமனைகளுக்குப் போனவர்கள் நோயோடு திரும்பியிருந்தார்கள். மொத்தம் 186 பேருக்குத் தொற்று, 38 பேர் மரணம். மறைத்தது நோயாளியின் ரகசியத்தை அல்ல, நிறுவனங்களின் பெயரை. கம்பெனி சட்டத்தில் டிஸ்க்ளோஷர் பற்றி மாய்ந்து மாய்ந்து படிக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே புரியும். பங்கு வாங்கப் போகிறவனுக்குக் கம்பெனியின் நிலை தெரிய வேண்டும் என்றால், சேரப் போகிற நோயாளிக்கு மருத்துவமனையின் நிலை தெரிய வேண்டாமா?

அந்தக் கோபத்தில் சட்டத்தைத் திருத்தினார்கள். தொற்றுக் காலத்தில் நோயாளி போய்வந்த இடங்களை அரசு பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்று ஆனது. 2020-ல் கொரோனா வந்தபோது பெண்டுலம் மறு கோடிக்குப் போய்விட்டது. குறுஞ்செய்தி வரும்: இன்ன வயது, ஆணா பெண்ணா, எந்தப் பகுதி, எத்தனை மணிக்கு எந்த ஹோட்டல், எந்தக் கடை. பெயர் மட்டும் இருக்காது. பெயர் எதற்கு? அக்கம்பக்கத்தார் ஐந்து நிமிடத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். யார் யாரோடு ஹோட்டலுக்குப் போனார் என்று இணையத்தில் கும்மி அடித்தார்கள். தேவைக்கு மேல் விவரம் வெளியாகிறது என்று அந்த நாட்டு மனித உரிமை ஆணையமே மார்ச்சில் சொன்னது. அதன் பிறகு கொஞ்சம் குறைத்தார்கள்.

மே மாதம் சோதனை வந்தது. சியோலில் இடேவான் என்கிற பகுதியில் இரவு விடுதிகளுக்குப் போன ஒருவருக்குத் தொற்று உறுதியானது. அவற்றில் சில ஓரினச் சேர்க்கையாளர்கள் போகிற விடுதிகள் என்பதை ஒரு பத்திரிகை தலைப்பிலேயே போட்டுவிட்டது. அவ்வளவுதான். அந்த விடுதிகளுக்குப் போயிருந்தவர்களுக்கு வைரஸைவிட, வீட்டிலும் ஆபீசிலும் தெரிந்துவிடுமே என்ற பயம் பெரிதானது. விடுதி வாசல் பதிவேட்டில் எழுதியிருந்த பெயர்களும் நம்பர்களும் பல பொய். உண்மையான நம்பருக்குக் கூப்பிட்டாலும் பலர் எடுக்கவில்லை.

அரசிடம் என்ன இல்லை? செல்போன் டவர் விவரத்தை வைத்து அந்தப் பகுதியில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கண்டுபிடித்துக் குறுஞ்செய்தி அனுப்பியது. கிரெடிட் கார்டு கணக்கையும் பார்த்தது. உலகத்திலேயே இவ்வளவு தகவல் கையில் இருந்த சுகாதாரத் துறை அப்போது அபூர்வம். இருந்தும், ஆள் நடந்து வந்து மூக்கைக் காட்டினால்தானே பரிசோதனை? கடைசியில் சியோல் நகர நிர்வாகம் ஒரு எளிமையான காரியம் செய்தது. பெயர் சொல்ல வேண்டாம், போன் நம்பர் மட்டும் கொடுங்கள், பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று அறிவித்தது. வருகிறவர்கள் எண்ணிக்கை ஓரிரு நாளில் மளமளவென்று ஏறியது.

சுகாதாரத் துறைக்கு வேண்டியதெல்லாம் அந்தப் போன் நம்பரில் அடங்கிவிட்டது. யாருக்குத் தொற்று, எப்படிக் கூப்பிடுவது, யாரோடு இருந்தார். பெயர் இல்லாததால் எதுவும் கெட்டுப்போகவில்லை. பெயர் கேட்டிருந்தால்தான் கெட்டிருக்கும்.

திரும்ப இந்தியாவுக்கு. இங்கே இந்தக் கேள்வி கொரோனாவோடு முடிந்துவிடவில்லை. காசநோய் இருக்கிறது. உலகக் காசநோயாளிகளில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் இந்தியர். சிகிச்சை எடுக்காத ஒருவர் ஒரு வருடத்தில் பத்து, பதினைந்து பேர் வரை பரப்பலாம் என்பார்கள். சிகிச்சை தொடங்கிய சில வாரங்களிலேயே பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே கண்டுபிடிப்பதுதான் எல்லாம். 2012 மே 7 அன்று, காசநோயை ஒவ்வொரு டாக்டரும் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. அதற்கு நிக்ஷய் என்று ஒரு இணையதளம். 2018 மார்ச்சில் கண்டிப்பு கூடியது. தெரிவிக்காத டாக்டர்கள் மட்டுமல்ல, மருந்துக் கடைக்காரர்கள், பரிசோதனைக் கூடங்கள் மீதும் இந்திய தண்டனைச் சட்டம் 269, 270 பிரிவுகளில் நடவடிக்கை எடுக்கலாம் என்றது அறிவிப்பு. எக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிய அதே பிரிவுகள்! (2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 271, 272 என்று நம்பர் மாறி உட்கார்ந்திருக்கின்றன.)

கட்டாயம் பலன் தரவில்லை என்று சொல்ல முடியாது. 2023-ல் நாடு முழுக்க 25.5 லட்சம் பேர் பதிவானார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.4 லட்சம், தனியார் டாக்டர்கள் மூலம் வந்தது. ஒரு காலத்தில் தனியாரிடம் போகிற காசநோயாளிகளில் பெரும்பாலோர் அரசுக் கணக்கிலேயே வராதவர்கள். ஆனாலும் அந்த வருடம் நோய் வந்திருக்கக்கூடியவர்கள் சுமார் 28 லட்சம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மிச்சம் இரண்டரை லட்சம் பேர் எங்கே? எல்லோரும் ஒளிந்திருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. நோய் என்றே தெரியாதவர்கள் இருப்பார்கள், டாக்டர் பதிவு செய்யச் சோம்பல்பட்டிருப்பார். ஆனால் ஒளிகிறவர்களும் உண்டு.

ஒரு பெண்ணை வைத்துப் பாருங்கள். இருபத்திரண்டு வயது, துணிக்கடையில் வேலை, வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வாரமாக இருமல். சளிப் பரிசோதனையில் காசநோய். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும். அவளுக்கு மாத்திரை பயமில்லை. தெருமுனைக்கு வந்து ஆட்டோக்காரரிடம் பெயர் சொல்லி வீடு விசாரிக்கிற சுகாதாரப் பணியாளர்தான் பயம். நல்ல மனதோடுதான் வருகிறார், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று பார்க்க. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா, அதற்கும் பரிசோதனை வேண்டுமா என்று கேட்கவும் வேண்டும். வேலை அவசியமானது. ஆனால் அதே வேலையைப் போன் பண்ணி, அவள் சொல்கிற நேரத்தில், அவள் சொல்கிற இடத்தில் பார்த்தும் செய்யலாம். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால், 2020-ன் ஸ்டிக்கர் நடந்து வருகிற மாதிரிதான். அடுத்த தடவை இருமல் வந்தால் அவள் தோழி பரிசோதனைக்கே போக மாட்டாள்.

இன்னும் ஒன்று, காமர்ஸ்காரர்கள் கண்ணில் படக்கூடியது. காசநோயாளிகள் சத்தாகச் சாப்பிட வேண்டும் என்று 2018 ஏப்ரல் முதல் அரசு மாதம் ரூ.500 தருகிறது. 2024 நவம்பரிலிருந்து அது ரூ.1,000. அருமையான திட்டம். பணம் நேரடியாக வங்கிக் கணக்குக்கு வரும். அவளுக்குத் தனிக் கணக்கு இருந்தால் சரி. இல்லாவிட்டால் அப்பாவோ அண்ணனோ வைத்திருக்கிற கணக்கு. கல்யாணமானவளாக இருந்தால் கணவன் கணக்கு. அரசாங்கத்திடமிருந்து வந்த தொகை என்று கணக்கில் தெரியும். இது என்ன பணம் என்று யாராவது ஒரு நாள் கேட்பார்கள். வங்கி டூர்னியர் தீர்ப்பை அட்சரம் பிசகாமல் மதித்து யாரிடமும் வாய் திறக்காது. பாஸ்புக் மெஷின் மட்டும் அச்சடித்துக் கொடுத்துவிடும்.

கணக்கு எண் எழுதி வாங்குகிற பணியாளர், அந்த பாஸ்புக்கை வீட்டில் யார் என்ட்ரி போட எடுத்துப் போவார்கள் என்பதையும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். தேவைப்பட்டால் அவள் பெயரில் புதுக் கணக்கு தொடங்க ஒரு நாளும், ஒரு ஆதார் அட்டையும் போதும்.